முதலில் காது, பிறகு கோள்

மன்றத்தின் முதல் கூட்டத்தில் ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து கேட்கும்: "சார், நம்ம சாட்டிலைட் எப்ப மேல போகும்?" கேள்வியைத் தள்ளிப்போடாமல் அன்றைக்கே உண்மையைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் படித்து முடித்துப் போவதற்குள் அது பறக்காமலே இருக்கலாம். புனே பொறியியல் கல்லூரி மாணவர்கள் 'ஸ்வயம்' என்ற ஒரு கிலோ செயற்கைக்கோளை 2008-ல் தொடங்கினார்கள். அது பி.எஸ்.எல்.வி.-சி34 ராக்கெட்டில் ஏறியது 2016 ஜூன் 22 அன்று. மும்பை ஐ.ஐ.டி.யின் 'பிரதம்' 2007-ல் தொடங்கி 2016 செப்டம்பர் 26 அன்று பறந்தது. முதல் நாள் கரும்பலகையில் வட்டம் வரைந்தவர்கள் அதற்குள் வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கும் வயதுக்கு வந்திருப்பார்கள்.

இதைக் கேட்டதும் கூட்டத்தில் பாதிப்பேர் எழுந்து போனால் போகட்டும். மீதிப்பேரைக் கொண்டு நடத்த வேண்டிய முதல் ஆண்டைப் பற்றியது இந்த அத்தியாயம். அந்த ஓராண்டில் நீங்கள் செயற்கைக்கோள் எதுவும் கட்டப்போவதில்லை. ஏற்கெனவே தலைக்கு மேல் போய்க்கொண்டிருக்கும் கோள்களின் குரலைக் கேட்கப் பழகப்போகிறீர்கள்.

நான் பார்த்த மாணவர் குழுக்களில் பெரும்பாலானவை இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் கலைந்தன. முதல் மாதமே உலோகச் சட்டம் வாங்குவார்கள், சோலார் செல் வாங்குவார்கள், பேனர் அடித்துப் படம் எடுப்பார்கள். ஆறாவது மாதம் தேர்வு வரும், பெட்டி அலமாரிக்குள் போகும். தரைநிலையத்திலிருந்து தொடங்கிய குழுவுக்கு முதல் மாதத்திலேயே விண்வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்துவிடுகிறது. அந்தக் கரகரப்பை ஒருமுறை தன் காதால் கேட்ட பிள்ளை மன்றத்தை விட்டு எளிதில் போவதில்லை.

மொட்டை மாடி

நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்கள் இரண்டுக்கும் இந்த வேலையில் ஒரு பெரிய அனுகூலம் உண்டு: நிலம் தட்டை, வானம் அகலம். பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை கொஞ்சம் அடிவானத்தை மறைக்கும். அரியலூர், செந்துறை, ஆண்டிமடம் பக்கம் அந்தத் தடையும் இல்லை. சென்னையில் ஒரு கல்லூரி மாடியில் நின்றால் நாலு பக்கமும் அடுக்குமாடி, செல்போன் கோபுரம், மலிவான எல்.இ.டி. விளக்குகளின் இரைச்சல். குன்னம் பக்கத்து அரசுப் பள்ளியின் மொட்டை மாடி அதைவிட நல்ல தரைநிலையம். கிராமத்துப் பள்ளி என்று யாரும் கூச்சப்பட வேண்டாம்.

முதல் ஆண்டெனாவைக் கடையில் வாங்காதீர்கள். ரஷ்யாவின் மீட்டியோர் வரிசை வானிலைக் கோள்கள் 137 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் மேகப்படங்களை அனுப்பிக்கொண்டே போகின்றன. அதைப் பிடிக்க, ஒவ்வொன்றும் 53.4 செ.மீ. நீளமுள்ள இரண்டு கம்பிகள் போதும். பழைய டிவி ஆண்டெனாவிலிருந்து கழற்றிய அலுமினியக் கம்பியே ஆகும். இரண்டையும் 120 பாகை விரித்து, கவைக்கம்புபோலப் படுக்கைவாட்டில், பிளாஸ்டிக் குழாயின் தலையில் கட்டுங்கள். கவையின் வாய் வடக்கையோ தெற்கையோ பார்க்கட்டும். இந்தக் கோள்கள் துருவத்துக்குத் துருவம் ஓடுபவை. நடுவில் இரண்டு கம்பியும் ஒன்றையொன்று தொடக் கூடாது. ஒன்று கேபிளின் உள்கம்பிக்கு, மற்றது வெளிவலைக்கு. கேபிளின் மறுமுனையில் மென்பொருள் ரேடியோ என்கிற சிறிய யூ.எஸ்.பி. கருவி, அதற்குப் பின்னால் ஒரு பழைய மடிக்கணினி. எல்லாம் சேர்த்துச் சில ஆயிரம் ரூபாய். சென்னை ரிச்சி தெருவுக்கு யாராவது போகும்போது சொல்லிவிட்டால் வாங்கி வந்துவிடலாம். முன்பு எல்லோரும் கற்றுக்கொண்டது அமெரிக்காவின் நோவா-15, 18, 19 கோள்களை வைத்துத்தான். அவை மூன்றும் 2025-ல் ஓய்வு பெற்றுவிட்டன. பழைய காணொலியைப் பார்த்து அவற்றைத் தேடி ஏமாற வேண்டாம்.

பூமியை ஒட்டிச் சுற்றும் கோள் ஒன்று உங்கள் அடிவானத்தில் எழுந்து மறைய மிஞ்சிப்போனால் பத்துப் பதினைந்து நிமிடம். இதைக் கடப்பு என்று சொல்வோம். எந்தக் கோள் எத்தனை மணிக்குக் கடக்கும் என்பதைக் கணித்துத் தரும் இலவசச் செயலிகள் உண்டு, பெரம்பலூருக்கு 11.2 பாகை வடக்கு, 78.9 பாகை கிழக்கு என்று கொடுத்தால் போதும். முதல் கடப்பில் ஒன்றும் வராது. இரண்டாவதிலும் வராது. மூன்றாவதில் கணினித் திரையில் ஒரு மங்கலான பட்டை தோன்றி, மெல்லச் சாய்ந்தபடி நகரும்.

அந்தச் சாய்வில் பாடத்தை நிறுத்துங்கள். கோள் நொடிக்கு ஏறத்தாழ ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் நம்மை நோக்கி வருகிறது. அதனால் அதன் அலைவெண் சற்றுக் கூடித் தெரிகிறது. கடந்து போகும்போது குறைகிறது. 137 மெகாஹெர்ட்ஸில் இந்த விலகல் சுமார் 3 கிலோஹெர்ட்ஸ். 437-ல் 10 கிலோஹெர்ட்ஸை எட்டும். அரியலூர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டாம். நிற்காமல் போகும் எக்ஸ்பிரஸ் ஸ்டேஷனைத் தாண்டும்போது ஹாரன் சத்தம் சட்டென்று இறங்குவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். ரயில் வராத பெரம்பலூர்ப் பிள்ளைகளுக்கு நான்குவழிச் சாலையின் ஆம்னி பஸ் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் டாப்ளர் விளைவு என்று மனப்பாடம் செய்த வரி அன்றைக்குத் திரையில் கோடாக ஓடும்.

இரண்டு எச்சரிக்கை. ஐப்பசி, கார்த்திகையில் இடி இறங்கும் மாதிரி இருந்தால் கேபிளைக் கணினியிலிருந்து பிடுங்கிச் சன்னலுக்கு வெளியே போட்டுவிட வேண்டும். மாடிக் கம்பத்துக்கு எர்த் கட்டாயம். அடுத்தது, அலைபரப்பும் வாக்கி-டாக்கி எதையும் உரிமம் இல்லாமல் வாங்கவோ, பேசிப் பார்க்கவோ கூடாது. சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்து 145.800 மெகாஹெர்ட்ஸில் வரும் குரலைக் கேட்டதும் பதில் பேச ஆசை வரும். அதற்கு ஒரு நேரான வழி இருக்கிறது: 12 வயது நிரம்பிய யாரும் மத்திய அரசின் அமெச்சூர் ரேடியோத் தேர்வை எழுதலாம். தொடக்க நிலைக்கு மோர்ஸ் தேர்வுகூட இல்லை. முதல் ஆண்டு முடிவதற்குள் மன்றத்தில் மூன்று பேராவது, ஆசிரியர் ஒருவர் உட்பட, அந்த உரிமத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். நாளைக்கு உங்கள் கோளுக்குக் கட்டளை அனுப்பப்போகிறவர்கள் அவர்கள்தான்.

கிணற்றிலிருந்து ஒரு கடிதம்

காது பழகிய பிறகு வரும் கேள்வி: நம் கோள் மேலே போய் என்ன செய்யும்? இந்தக் கேள்விக்கு நான்கு மாதம் கொடுங்கள். "படம் எடுக்கும்" என்று முதல் நாளே யாராவது சொல்வார்கள். சரி, கணக்குப் போடுவோம். கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்தின் பரப்பு சுமார் 454 ஹெக்டேர். 2024 ஜனவரியில் ராம்சர் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த ஏரி. ஒரு புள்ளிக்கு 100 மீட்டர் காட்டும் சிறிய கேமராவில் அந்த முழு ஏரியும் 450 சொச்சம் புள்ளிகள்தான். நீர் எவ்வளவு பரவியிருக்கிறது என்று தோராயமாகச் சொல்லலாம். ஊர்க் குட்டையோ, சுண்ணாம்புக்கல் சுரங்கத்தின் ஓரமோ அதில் தெரியாது. புரட்டாசியிலிருந்து மார்கழி வரை, தண்ணீர் நிறையும் மாதங்களில், மேகம் மறைத்துவிடும். மேகத்தைத் துளைத்துப் பார்க்க ரேடார் வேண்டும். இந்தியாவிலேயே உருவான முதல் ரேடார் படக்கோள் ரிசாட்-1, 2012 ஏப்ரல் 26 அன்று பறந்தது, எடை 1,858 கிலோ. அந்தத் திட்டத்தின் இயக்குநர் ந. வளர்மதி அரியலூர்க்காரர், 2015-ல் தமிழக அரசின் அப்துல் கலாம் விருதை முதன்முதலாகப் பெற்றவர். உங்கள் மாணவிகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லுங்கள். அதோடு 1,858 கிலோவையும் ஒரு கிலோவையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள்.

சிறிய கோளால் நன்றாகச் செய்ய முடிந்த வேலை ஒன்று உண்டு: தபால்காரர் வேலை. ஓரிடத்தில் வாங்கிய சேதியை வயிற்றில் வைத்திருந்து இன்னோரிடத்தில் கொடுப்பது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோளான அனுசாட்டின் பணியே அதுதான். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகம் உருவாக்கிய அந்த 40 கிலோ கோள், 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி.-சி12-ல் பறந்தது. அன்று 40 கிலோ தேவைப்பட்ட சேதி-சேமிப்பு வேலையை இன்று உள்ளங்கையளவு போர்டுகள் செய்துவிடும்.

நம் வட்டாரத்துக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். வேப்பந்தட்டை, ஆலத்தூர்ப் பக்கம் சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறவர்களின் பெரிய கவலை கிணற்று நீர்மட்டம். பத்துப் பள்ளிகள், பத்துக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் நீர்மட்டம் பார்க்கும் ஒரு சிறு கருவி. அது நாளுக்கு ஒரு எண்ணை வானத்தை நோக்கி அனுப்புகிறது. கடந்து போகும் கோள் அதை வாங்கி, மன்றத்துத் தரைநிலையத்தின் மேல் வரும்போது கொட்டுகிறது. செல்போன் கோபுரம் வழியாகவே இதைச் செய்யலாமே என்று ஒரு விவசாயி கேட்பார். கேட்பது சரி. செய்யலாம்தான். அதனால் முதலில் தரையிலேயே செய்து காட்டுங்கள். லோரா என்ற தொழில்நுட்பத்தில், உரிமம் தேவைப்படாத 865–867 மெகாஹெர்ட்ஸ் பட்டையில், பள்ளி மாடியிலிருந்து பள்ளி மாடிக்கு எண்கள் வந்து சேரட்டும். கிணற்றுக்காரருக்கு அந்த எண்ணை வாரம் ஒருமுறை தாளில் எழுதிக் கொடுங்கள். கோள் பறக்காமலே போனாலும் பத்துக் கிணறுகளின் ஓராண்டுக் கணக்கு ஊருக்கு மிஞ்சும்.

பட்டறை

சிறு கோள்களின் அளவு உலகெங்கும் ஒன்றுதான். 1999-ல் அமெரிக்காவின் ஜோர்டி புய்க்-சுவாரியும் பாப் ட்விக்ஸும் மாணவர்களுக்காக வகுத்த கியூப்சாட் அளவு அது: 10 செ.மீ. அகலம், 10 செ.மீ. ஆழம், 11.35 செ.மீ. உயரம். எடை வரம்பு 1.33 கிலோவாக இருந்து, பின்னர் 2 கிலோவாகத் தளர்ந்தது. அகல அளவில் 0.1 மில்லிமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது. பிசகினால் ராக்கெட்டின் பெட்டிக்குள் சிக்கிக்கொண்டு வெளியே வராது.

இந்தச் சட்டத்துக்காகப் பெங்களூருக்கு ஆர்டர் போட வேண்டாம். சிமெண்ட் ஆலைக்கும் லாரிக்கும் பாகம் கடையும் பட்டறைகள் நம் ஊர்களிலேயே இருக்கின்றன. ஒரு முறை ஒரு மாணவியோடு அப்படி ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பட்டறைக்காரர், "என்ன பாப்பா இது, டப்பா மாதிரி இருக்கு?" என்றார்.

"அண்ணே, சாட்டிலைட்டோட கூடுண்ணே. நூறு மில்லி. பாயிண்ட் ஒன்னுக்கு மேல கூடவும் கூடாது, குறையவும் கூடாது."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வெர்னியரை எடுத்தார். "பேரிங் உக்கார்ற எடத்துக்கு நாங்க அதவிடக் கம்மியாத்தான் பாப்பா விடுவோம். அலுமினியம் நல்லதா வாங்கிட்டு வா."

முதல் கூடு மாதிரிக்குத்தான். அது பறக்காது. ஆனாலும் அதைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது பேச்சின் தன்மையே மாறிவிடுகிறது. பேட்டரி எங்கே, ஆண்டெனா எப்படி மடங்கும், திருகாணியை எந்தப் பக்கத்திலிருந்து முடுக்குவது என்று பிள்ளைகள் சண்டைபோடத் தொடங்குவார்கள். சண்டை போடட்டும்.

சோதனைகளுக்கும் ஊரிலேயே வழி இருக்கிறது. போர்டை மூடிய தகர டப்பாவில் வைத்துச் சித்திரை வெயிலில் ஒரு பகல் போடுங்கள்; பிறகு உறையில் மூடி ஐஸ்கிரீம் கடை ஃப்ரீசரில் ஓர் இரவு. வெளியே எடுத்ததும் நீர் கோக்கும், உலரவிட்டுத்தான் இயக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் லாரியில் ஓட்டுநரைக் கேட்டுக்கொண்டு ஒரு நாள் நடையெல்லாம் அனுப்புங்கள். பறப்பதற்கு முன் ஆய்வகத்தில் செய்தாக வேண்டிய அதிர்வுச் சோதனைக்கும் வெற்றிட வெப்பச் சோதனைக்கும் இவை ஈடல்ல. ஆனால் எந்தத் திருகாணி கழலும், எந்தச் சால்டரிங் விட்டுப்போகும் என்பது லாரியிலேயே தெரிந்துவிடும். ஆய்வகத்தில் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் காசு; லாரியில் ஒரு டீக்காசு.

பலூனில் கட்டிப் பறக்கவிடும் ஆசையை மட்டும் முதல் ஆண்டில் அடக்குங்கள். திருச்சி விமான நிலையமும் தஞ்சை விமானப்படைத் தளமும் இந்த வானத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர்கள். எழுத்து அனுமதி இல்லாமல் அங்கே எதையும் ஏற்றக் கூடாது.

இரண்டு பேர், ஒரு நோட்டு

ஒன்பதாண்டு வேலையை மூன்றாண்டோ நான்காண்டோ மட்டும் இருக்கும் மாணவர்கள் செய்து முடிப்பது எப்படி? மாணவர் மன்றத்தின் ஆகப் பெரிய தொழில்நுட்பச் சிக்கலாக நான் கருதுவது இதைத்தான். மின்கலமும் ரேடியோவும் இதற்கு அப்புறம்தான்.

ஒவ்வொரு பொறுப்புக்கும் இரண்டு பேர்: மூத்த வகுப்பில் ஒருவர், இளைய வகுப்பில் ஒருவர். மூத்தவர் சால்டரிங் இரும்பைத் தொடும் ஒவ்வொரு முறையும் இளையவர் பக்கத்தில் இருக்க வேண்டும். இறுதியாண்டில் எவரும் தனியாக எதற்கும் பொறுப்பாளராக இருக்கக் கூடாது. மொத்தம் பதினாறு பேருக்கு மேல் வேண்டாம். வேலை இல்லாத கை மன்றத்தைக் கலைக்கும்.

நோட்டு என்பது நீண்ட அளவுள்ள, பக்க எண் போட்ட, அட்டை போட்ட நோட்டு. வாட்ஸ்அப் குழு நோட்டாகாது. மூத்தவர் போன் மாற்றியதும் எல்லாம் போய்விடும். ஒவ்வொரு கடப்புக்கும் ஒரு வரி: தேதி, நேரம், கோள், வானிலை, கேட்டதா இல்லையா, யார் இருந்தார்கள். 'கேட்கவில்லை' என்று எழுதும் வரிதான் முக்கியம். ஒரு குழுவில் மூன்று வாரம் ஒன்றுமே கேட்காமல் தவித்தோம். நோட்டைப் புரட்டிய எட்டாம் வகுப்புப் பெண், கேட்காமல் போனதெல்லாம் மாலை ஆறரைக்குப் பிறகுதான் என்று கண்டுபிடித்தாள். அப்போதுதான் பக்கத்துத் தெருவிளக்கு எரியத் தொடங்கும். அதன் இரைச்சல் கோளின் குரலை மூடியிருந்தது.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லும்போது பஸ்ஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாலைக் கடப்புக்கு நிற்க மாணவிகளால் முடியாமல் போகும். கடைசி டவுன் பஸ் போய்விடும். 'ஆர்வம் உள்ளவர்கள் இருப்பார்கள்' என்று விட்டுவிட்டால் இரண்டே மாதத்தில் மன்றம் பையன்கள் மன்றமாகிவிடும். கடப்பு அட்டவணையைப் பஸ் அட்டவணையோடு ஒட்டிப் போடுங்கள். துருவக் கோள்கள் காலையிலும் வருகின்றன. பள்ளி தொடங்கும் முன்னோ, இடைவேளையிலோ கிடைக்கும் கடப்புகளை முதன்மையாக்குங்கள். மாலைக் கடப்புக்குக் கணினியைத் தானாகப் பதிவு செய்ய விட்டு, மறுநாள் எல்லோருமாகக் கேளுங்கள்.

அரசுப் பள்ளி என்றால் வானவில் மன்றம் ஏற்கெனவே இருக்கும். 2022 நவம்பர் 28 அன்று திருச்சியில் தொடங்கிய திட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரைக்கும். புதிய பெயரில் புதிய மன்றத்துக்கு அனுமதி கேட்டு அலைவதைவிட, அதன் செயல்பாடாகவே தரைநிலையத்தைத் தொடங்க முடியுமா என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். மாடிச் சாவி கிடைப்பது எளிதாகும்.

காசு கொடுத்து வாங்கும் வானம்

பள்ளிக்கு யாராவது வந்து, கட்டணம் கட்டினால் உங்கள் மாணவர்களின் செயற்கைக்கோளை ஏவித் தருகிறோம் என்று சொல்லக்கூடும். மூன்று கேள்வி கேளுங்கள். சுற்றுப்பாதைக்குப் போகுமா, அல்லது மேலே போய்த் திரும்பி வருமா? மென்பொருளை எங்கள் பிள்ளைகள் எழுதுவார்களா? தகவல் எங்கள் தரைநிலையத்துக்கு நேராக வருமா? மேலே போய்த் திரும்புவது குறைவான காரியம் என்று சொல்ல வரவில்லை. கரூர் மாவட்டம் பள்ளப்பட்டியைச் சேர்ந்த ரிஃபாத் ஷாரூக்கின் 64 கிராம் கலாம்சாட், 2017 ஜூன் 22 அன்று நாசாவின் ஆய்வு ராக்கெட்டில் போய்த் திரும்பிய ஒன்றுதான். அந்தச் சிறுமையே அதன் பெருமை. ஆனால் எது எது என்று தெரிந்து காசு கொடுக்க வேண்டும். ஒட்டிக் கொடுத்த பெட்டியின் மேல் பெயர் ஒட்டிச் சான்றிதழ் வாங்குவது பிள்ளைகளுக்கு நாம் செய்யும் துரோகம்.

பிள்ளைகளே நிரல் எழுதிய முயற்சிக்கு நம் மாநிலத்திலிருந்தே எடுத்துக்காட்டு இருக்கிறது. சென்னையின் ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா, நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளைக் கொண்டு ஆசாதிசாட் செய்தது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசுப் பள்ளி மாணவிகளும் அதில் உண்டு. 2022 ஆகஸ்ட் 7 அன்று எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் பறப்பில் அது ஏறியது. 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டப்பாதை திட்டம். கிடைத்ததோ ஒரு முனையில் வெறும் 76 கிலோமீட்டருக்கு இறங்கும் பாதை. அந்த உயரத்தில் காற்று பிடித்து இழுத்துவிடும். கோள் போய்விட்டது. பார்க்க ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போயிருந்த மாணவிகள் வீடு திரும்பினார்கள். ஆறு மாதம் கழித்து, 2023 பிப்ரவரி 10 அன்று, ஆசாதிசாட்-2 சுமார் 450 கிலோமீட்டர் உயரத்தில் சரியாகப் போய் அமர்ந்தது. இரண்டாவது கோள் இவ்வளவு சீக்கிரம் தயாராக முடிந்ததற்குக் காரணம், முதல் கோளின் வேலை அத்தனையும் பழகிய கைகளில் இருந்ததுதான் என்று நினைக்கிறேன். உங்கள் நோட்டு எதற்கு என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இன்னொரு பாதையும் இருக்கிறது. சிறிய மன்றங்களுக்கு நான் பரிந்துரைப்பது அதைத்தான். பி.எஸ்.எல்.வி.யின் நான்காம் அடுக்கு, கோள்களை இறக்கிவிட்ட பிறகு வீணாகச் சுற்றாமல், போயம் என்ற பெயரில் சோதனை மேடையாகப் பயன்படுகிறது. மின்சாரம், நிலைநிறுத்தம் எல்லாம் மேடையே தரும். உங்கள் கருவியை மட்டும் திருகிவிட்டால் போதும். 2024 டிசம்பர் 30 அன்று பறந்த பி.எஸ்.எல்.வி.-சி60-ன் மேடையில் 24 கருவிகள் இருந்தன, கல்லூரிகளுடையவையும் சேர்த்து. அதற்கான கதவு மத்திய அரசின் இன்-ஸ்பேஸ் அமைப்பு. கேன்சாட் என்னும் குளிர்பான டப்பா அளவுக் கோளுக்கு மாணவர் போட்டி நடத்துவதிலும் அதற்குப் பங்கு உண்டு. கிணற்றுத் தபால்காரர் முதலில் அந்த மேடையில் குந்திப் போகட்டும். சொந்தக் கூடு, சொந்தச் சிறகு எல்லாம் அடுத்த தலைமுறை மாணவர்களுக்கு.

அடுத்த அத்தியாயம் மின்கலமும் சோலார் தகடும் பற்றியது. அதைத் திறக்கும் முன் நோட்டில் இவை இருக்கின்றனவா என்று பாருங்கள்: முப்பது கடப்புகள், கேட்காதவையும் சேர்த்து; மூன்று அமெச்சூர் உரிமங்களின் எண்கள்; ஒரு கிணற்றின் நூறு நாள் நீர்மட்டம். கடைசியாக, மூத்தவர் ஊரில் இல்லாத ஒரு நாளில் இளையவர் மட்டும் நின்று பிடித்த ஒரு மேகப்படம். அதைக் கலரில் அச்செடுத்து, தேதியும் பெயரும் எழுதி, பள்ளி வாசலில் ஒட்டுங்கள்.